கோமதியம்மாளின் கைகளுக்கு ஒரு லேப்டாப்

நம் கம்ப்யூட்டர் கடையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, பழைய மெஷினுக்கு எந்த லினக்ஸ் லைட்டா இருக்கும்?" அறுபதைத் தாண்டி, வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் நீங்கள் என்னை அக்கா என்று கூப்பிடுவதில் எனக்குச் சந்தோஷம்தான். அதற்காக, விண்டோஸுக்குப் பதிலாக நாம் ஏற்றும் லினக்ஸ் வகைகளில் ஒன்றின் பெயரைச் சொல்லிவிடுவேன் என்று நினைக்காதீர்கள். ஒரு பெயரைச் சொன்னால் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்து, வாங்கி வைத்த டீ ஆறும் வரை சண்டை போடுவீர்கள். எனக்குத் தெரியாதா உங்களை!

பெயருக்குப் பதிலாக ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். அதில் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

அப்போது கீழ்வேளூர் கடைத்தெருவில் இருந்த நம் கடையில் ஒரு பழக்கம் உண்டு. பழைய மெஷினில் லினக்ஸ் ஏற்றி முடித்ததும், எதையும் திறக்காமல், அது சும்மா இருக்கும்போது எவ்வளவு ரேம் பிடிக்கிறது என்று பார்ப்போம். யார் ஏற்றியது குறைவாகப் பிடிக்கிறதோ அவருக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தர வேண்டும். இந்தப் போட்டியில் எப்போதும் ஜெயிப்பவன் பாஸ்கர். ஆமாம், இப்போது உங்களுக்கு முதலாளியாகக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அதே பாஸ்கர்தான். சிரிக்காமல் கேளுங்கள். அப்போது அவனுக்கு மீசை கூடச் சரியாக வரவில்லை, வாய் மட்டும் நன்றாக வந்திருந்தது. சும்மா இருப்பதற்காக யாரும் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்வதில்லை என்ற எளிய விஷயம் எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை.

சம்பா நடவு முடிந்து களையெடுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். காலையிலேயே ஒருவர் வந்தார். கால் முட்டி வரை சேறு காய்ந்திருந்தது. கையில், உர மூட்டைச் சாக்கில் சுற்றிய ஒரு லேப்டாப். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்ததே, அந்த வகை. இந்தப் பக்கத்தில் பரண் உள்ள வீட்டில் எல்லாம் ஒன்று கிடக்கும்.

"மேடம், இது இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வேணுங்க" என்றார்.

இன்றைக்கே வேண்டும் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். நான் தலையை நிமிர்த்தாமல், "வச்சுட்டுப் போங்க, பார்த்துச் சொல்றோம்" என்றேன். அவர் போகவில்லை. சாக்கை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அப்படி நிற்கிறவரை நிமிர்ந்து பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

அவர் பெயர் ராஜேந்திரன். கீழ்வேளூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் குத்தகை நிலம் பார்ப்பவர். அவர் மனைவி கோமதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. பள்ளிக்கூடம் போனதில்லை, எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே மகள் கவிதா. அவளுக்குக் காதும் பேச்சும் நன்றாக உண்டு. அந்தப் பெண் நடக்கப் பழகிய நாளிலிருந்து அம்மாவும் அவளுமாகக் கையாலேயே ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டார்கள். அது எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருகிற சைகை பாஷை இல்லை, அந்த வீட்டுக்குள்ளேயே முளைத்து வளர்ந்தது. அதை முழுதாகத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டியா, தண்ணி பாயுதா, மாடு கறந்தாச்சா, அவ்வளவுதாங்க எனக்கு. மத்ததெல்லாம் அம்மாவும் பொண்ணும் பேசிக்கிறது."

கவிதா கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஏழாம் மாதம். அந்த வாரம் ஊருக்கு வந்து, வளைகாப்பு முடித்து, இங்கேயே பிரசவம் பார்ப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் போன் வந்திருக்கிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராஜேந்திரன் கடைக்கு வந்ததற்கு மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறார்கள், எத்தனை நாள் படுக்கை என்று தெரியாது.

"வரலைன்னு சொல்லிட்டேங்க கோமதிகிட்ட. ஏன்னு கேக்குறா. ஏன்னு சொல்ல எனக்குக் கை பத்தலை. நான் போன்ல பேசுனதையும் எம் மூஞ்சியையும் பார்த்துட்டா. பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு, நான் மறைக்கிறேன்னு நினைக்கிறா. நேத்து மத்தியானத்துலேர்ந்து சோறு திங்கலைங்க."

போனில் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். கோமதியம்மாளுக்குக் கண்ணில் புரை. அந்தச் சின்னத் திரையில் மகள் முகம் ஏதோ தெரிகிறது, விரல் தெரியவில்லை. முகம் மட்டும் தெரிந்தால் அழுகிறாள் என்பதுதான் தெரியும். அதைப் பார்த்த பிறகு அம்மாவுக்குப் பயம் இன்னும் கூடிப்போனது. கவிதாதான் யோசித்து, "பரணில் என் லேப்டாப் இருக்கும்ப்பா, அதைச் சரி பண்ணுங்க, பெரிய திரையில அம்மாவுக்கு என் கை தெரியும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

சாயங்காலத்துக்குள் தருகிறோம் என்று சொல்லி அனுப்பினேன்.

பாஸ்கர் மூக்கு விடைக்க வேலையில் இறங்கினான். பழைய மெஷின் என்றதும் அவன் கை தானாக எதற்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் கையும் அங்கேதான் போகும். இருப்பதிலேயே மெலிந்த ஒரு பழைய முப்பத்திரண்டு பிட் பதிப்பை எடுத்து ஏற்றினான். பொத்தானை அழுத்தினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் திரை வந்தது. ரேம் பிடித்தது ஒரு கைப்பிடி. "பார்த்தீங்களாக்கா! பொரி மாதிரி இருக்கு" என்றான். மற்றவர்கள் டீக்குச் சொல்லிவிட்டார்கள்.

நான் வீடியோ கால் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். திறக்கவில்லை. உங்கள் பிரவுசர் பழையது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று வந்தது. புதுப்பிக்கப் போனால், அந்தப் பதிப்புக்குப் புதியது வருவதே நின்று போயிருந்தது. பாஸ்கர் வேறொரு பிரவுசரைப் போட்டான். அதற்குக் கேமரா தெரியவில்லை. அதைச் சரிசெய்யப் போனால் வேறொன்று தகராறு செய்தது. டீ வந்து ஆறிப்போனது, மதியமும் ஆகிவிட்டது.

மெலிந்திருப்பதில் இரண்டு வகை உண்டு பிள்ளைகளே. சாப்பாடு இல்லாமல் மெலிந்தவர் ஒருவர், வேலை செய்து உடம்பு இறுகியவர் ஒருவர். தூரத்தில் நின்று பார்த்தால் இருவரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். மூட்டையைத் தூக்கச் சொன்னால்தான் வித்தியாசம் தெரியும். பாஸ்கர் ஏற்றியது முதல் வகை. இன்றைய உலகத்தோடு பேசுவதற்கான எல்லாம் அதிலிருந்து உதிர்ந்துபோயிருந்தது. அதனால்தான் அவ்வளவு லேசாக இருந்தது.

"இதைத் தூக்கி எறிடா. முதல்லேர்ந்து வருவோம்" என்றேன்.

"நேரம் இல்லையேக்கா. இதையே இன்னும் கொஞ்சம் தட்டிப் பார்க்கிறேனே."

நெருக்கடியில் எல்லோருக்கும் வருகிற சபலம் இதுதான். பாதி நாள் உழைத்துவிட்டோம், விட மனசு வராது. அந்த நேரத்தில் உழைத்ததை மறந்துவிட்டு, மிச்சம் இருக்கிற நேரத்தை மட்டும் பாருங்கள். நான் பார்த்தேன். போதும் என்று தோன்றியது.

அந்த ப்ராசஸர் புதிய அறுபத்து நாலு பிட் பதிப்பையும் ஓட்டும். பழையது என்ற நினைப்பில் யாரும் பார்க்கவே இல்லை. அதனால் அந்த வருடத்துப் புதுப் பதிப்பையே எடுத்தோம். கர்னல், டிரைவர், பிரவுசர், பாதுகாப்பு எல்லாம் இன்றையது. மேலே போட்டுக்கொள்ளும் டெஸ்க்டாப் முகப்பு மட்டும் சின்னது. ஜன்னல் வழுக்கிக்கொண்டு திறப்பது, ஓரத்தில் நிழல் விழுவது, யாரும் கேட்காமலே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள், இதெல்லாம் இல்லாமலும் மனிதர் உயிர் வாழலாம். செத்துப்போன வேறொரு லேப்டாப்பிலிருந்து கழற்றி வைத்திருந்த ரேமையும் ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. டிஸ்க்கையும் மாட்டினோம். ரேம் நிறைந்தால் உள்ளே இருப்பதைச் சுருக்கி மடித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் செய்தேன். பாஸ்கர் மிச்சத்தைத் தேவை, தேவையில்லை என்று ஒவ்வொன்றாகப் பிரித்து ஏற்றினான். வேகத்தில் அவனை அடிக்க ஆள் கிடையாது, அதை நான் எப்போதும் ஒப்புக்கொள்வேன். சும்மா இருக்கும்போது இது முன்னதைவிட நிறையவே ரேம் பிடித்தது. பாஸ்கர் அந்த எண்ணைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் வீடியோ கால் பக்கம் மளமளவென்று திறந்தது.

சாயங்காலம் வந்த ராஜேந்திரனிடம் தந்து அனுப்பாமல் நானும் கூடவே போனேன். பாஸ்கர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்கால் கரையில் குலுங்கிக் குலுங்கி. இதையும் மனதில் வையுங்கள். கடை மேஜையில் ஓடுவது ஒன்று, அவர்கள் வீட்டில் ஓடுவது வேறொன்று.

வீட்டில் கோமதியம்மாள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. ராஜேந்திரன் ஏதோ கை காட்டினார். கோமதியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி உன்னை நம்ப மாட்டேன் என்பதற்குப் பாஷை வேண்டாம், யாருக்கும் புரியும்.

உள்ளே சிக்னல் இல்லை. என் போனை ஒரு துணிப்பையில் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டி, அதிலிருந்து இன்டர்நெட் எடுத்தோம். நாற்காலி மேல் லேப்டாப்பை வைத்து, கவிதாவைக் கூப்பிட்டோம். அவள் வந்தாள். மாப்பிள்ளை எதிரே நின்று போனைப் பிடித்திருந்தார். அதனால் தலையிலிருந்து மடி வரை, இரண்டு கையும் தெரிந்தது. படம் பளிச்சென்று இருந்தது. ராஜேந்திரன் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் உட்காரவைத்தார்.

கவிதா கையை ஆட்டத் தொடங்கினாள். படம் நின்றது. பிறகு கை வேறொரு இடத்தில் இருந்தது. மறுபடி நின்றது. நமக்கு அது பெரிதாகத் தெரியாது, வீடியோ காலில் கொஞ்சம் திக்கும், பேச்சு காதில் விழுந்தால் போதும் என்று விட்டுவிடுவோம். கோமதியம்மாளுக்கோ கைதான் பேச்சு. கை ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைத்தால், ஒவ்வொரு சொல்லிலும் பாதியைக் கத்தரித்துக் கொடுத்த மாதிரி. அவர் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபம் இல்லை, கெஞ்சல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வரும் படத்தின் அளவை நன்றாகக் கீழே இறக்கப் போனேன். பாஸ்கர் என் கையைப் பிடித்தான்.

"அக்கா, படம் மங்கிடும். அவங்களுக்குக் கண்ணு வேற சரியில்லை."

அவன் சொன்னது தப்பில்லை. அந்தக் கண்ணுக்குத் தெளிவு வேண்டும்தான். ஆனால் அந்த மெஷினுக்கு இருக்கிற தெம்பில் தெளிவு, ஓட்டம் இரண்டையும் தர முடியாது, ஒன்றை விட்டால்தான் இன்னொன்று. இந்த மாதிரி இடத்தில் புத்தகம் உதவாது. எதிரே உட்கார்ந்திருக்கிறவர் எதை வைத்துப் பிழைக்கிறார் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டியதுதான்.

"மங்கட்டும்டா. கை ஓடணும்" என்று இறக்கினேன்.

படம் குழைந்த சோறு மாதிரி ஆனது. ஆனால் ஓடியது. ராஜேந்திரன் வாசலில் நின்று தன் போனில் கவிதாவிடம் பேசி, விளக்குக்கு நேராக நகரச் சொன்னோம். பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னோம். மாநிறக் கை வெள்ளைச் சுவரில் எடுப்பாகத் தெரிந்தது.

கோமதியம்மாள் முன்னால் குனிந்தார். தன் தோளில் இல்லாத ஒரு பின்னலைத் தூக்கிப் பின்னால் போட்டார். "கவிதான்னு கூப்பிடுறா. அதுதாங்க அவ பேரு" என்றார் ராஜேந்திரன்.

அப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்ல! கவிதா பக்கவாட்டில் திரும்பி வயிற்றைக் காட்டினாள். இரண்டு கையையும் குவித்து அடியில் ஏந்தினாள். கையை விமானமாக்கிப் பறக்கவிட்டு, நடுவிலேயே பிடித்து நிறுத்தினாள். கழுத்தில் எதையோ மாட்டிக்கொண்டு டாக்டராக மாறி, விரலை ஆட்டிக் கண்டித்தாள். அம்மா கேட்டார், மகள் சொன்னாள். அம்மா நம்பாமல் மறுபடி கேட்டார், மகள் மறுபடி சொன்னாள். கோமதியம்மாளின் தோள் மெதுவாக இறங்கியது. ஒரு நாள் முழுக்கத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்த தோள். பிறகு இரண்டு கையும் சரமாரியாகப் பறந்தது.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"திட்டுறாங்க. வேகமா திட்டுறதால எனக்குப் புரியலை" என்றார் ராஜேந்திரன். அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

அவர் தட்டில் சோறு போட்டு மோர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். கோமதியம்மாள் வலது கையால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் மகளைத் திட்டினார். அந்தக் கையும் அருமையாக ஓடியது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பாஸ்கரைப் பார்த்துக் கிளம்பலாம் என்று தலையை அசைத்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவியவர் உள்ளே போனார். வரும்போது ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தார். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். வளைகாப்புக்கு வாங்கி வைத்தது. அதைக் கவிதாவுக்குக் காட்டினார், அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கோமதியம்மாள் வளையல்களை இரண்டு கையிலும் எடுத்து, லேப்டாப்புக்கு மிக அருகில் கொண்டுபோய், குலுக்கினார். கலகலவென்று சத்தம் வீடெங்கும். கவிதா திரையில் காதைத் தொட்டு, கையை விரித்து ஆட்டினாள்.

கோமதியம்மாள் இன்னும் பலமாகக் குலுக்கினார். கவிதா மறுபடி அப்படியே ஆட்டினாள்.

ராஜேந்திரன் மெதுவாகச் சொன்னார். "அங்க சத்தம் போகலைங்களாம்."

நான் பாஸ்கரைப் பார்த்தேன். "அக்கா... சவுண்டு சம்பந்தப்பட்ட எதையும் நான் ஏத்தலை. அவங்களுக்குத்தான் காது..." என்று இழுத்தான். அதுவரை கவிதாவிடம் சொல்ல வேண்டியதைப் போனிலேயே சொல்லிக்கொண்டிருந்ததால் எங்கள் யாருக்கும் அது தெரியவே இல்லை.

வளைகாப்பில் வளையல் போடுவது தாய்க்கு மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்கும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஒரு நாளும் எந்தச் சத்தமும் கேட்டிராத அந்த அம்மாளுக்கும் அது தெரிந்திருந்தது. வளையலைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன கோளாறு என்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

சத்தத்துக்கு வேண்டியதை இறக்கி ஏற்றி, பிரவுசரை மூடித் திறக்க வேண்டும். அதற்கு அழைப்பை வெட்ட வேண்டும். வந்த மகள் மறுபடி திரையிலிருந்து போய்விடுவாள். ராஜேந்திரனிடம் சொன்னேன், அவரால் அதை மனைவிக்கு விளக்க முடியவில்லை. கவிதாவிடம் போனில் சொன்னோம். அவள் அம்மாவுக்குக் கையால் ஏதோ சொன்னாள். கோமதியம்மாள் யோசித்தார். பிறகு நாற்காலிக்கு முன்னாலிருந்து நகர்ந்து, பாஸ்கருக்கு இடம் விட்டார்.

அவன் தரையில் மண்டியிட்டு வேலை செய்தான். துணிப்பையில் தொங்கிய போனிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. கவிதா மறுபடி திரைக்கு வந்ததும் எழுந்து ஓரமாகப் போய் நின்றான்.

கோமதியம்மாள் வளையலைக் குலுக்கினார். கவிதா சட்டென்று நிமிர்ந்தாள். மாப்பிள்ளையிடம் ஏதோ சொன்னாள், அவர் போனை அவள் வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திரை முழுக்கப் பூப்போட்ட துணி. வேறொன்றும் தெரியவில்லை. அந்தத் துணியைப் பார்த்தபடியே கோமதியம்மாள் குலுக்கிக்கொண்டிருந்தார்.

துணி விலகி, கவிதா தெரிந்தாள். கோமதியம்மாள் வளையலை மடியில் போட்டுவிட்டுக் கையால் ஒன்று கேட்டார். ராஜேந்திரன் சொன்னார், "புள்ளைக்குக் கேட்டுச்சான்னு கேக்குறா."

கவிதா ஐந்து விரலையும் குவித்துத் தன் வயிற்றருகே வைத்து, உள்ளிருந்து வெளியே உதைப்பது போல இரண்டு முறை குத்திக் காட்டினாள்.

கோமதியம்மாள் எழுந்து வந்து, அதே மாதிரி குவித்த விரல்களால் பாஸ்கர் நெஞ்சில் இரண்டு முறை குத்திக் காட்டினார். அவன் அழுதான். இப்போது கேட்டால், வண்டியில் வரும்போது கண்ணில் தூசி விழுந்திருந்தது என்பான். நம்பாதீர்கள்.